காஸை ஓஃப் பண்ணினேனா?

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் மூன்றாம் மாடியில். குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தால் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரியும். குடிவந்த புதிதில் மாமி அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். நான் அந்தக் கடலை ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. ஜன்னலுக்குக் கீழேதான் காஸ் சிலிண்டர் இருந்தது. என் கண் எப்போதும் அதில்தான்.

காலையில் வேலைக்கு வெளிக்கிடுவது இப்படி. ரெகுலேட்டரை மூடுவேன். அடுப்பின் இரண்டு குமிழையும் தொட்டு "ஓஃப், ஓஃப், ஓஃப்" என்று வாய்விட்டுச் சொல்வேன். மூன்று தரம். மூன்றாவது தரம் சொல்லும்போது மகனின் மதியச் சாப்பாடோ வேறு எதுவோ நினைவுக்கு வந்துவிட்டால் அது கணக்கில் சேராது, திரும்ப முதலில் இருந்து. பிறகு போனில் ஒரு படம். கதவைப் பூட்டி, பிடியை இழுத்துப் பார்த்து, திறப்பைக் கைப்பைக்குள் போட்டு, லிஃப்ட் வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து, கதவைத் திறந்து, மறுபடியும் ரெகுலேட்டர். எட்டு மணிக்கு வெளிக்கிட வேண்டியவள் ஏழு மணிக்கே குசினிக்குள் நின்று சண்டை பிடிக்கத் தொடங்குவேன்.

ஒரு நாள் எப்படியோ தப்பி 101 பஸ்ஸில் ஏறிவிட்டேன். பம்பலப்பிட்டி வந்ததும் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். குமிழ் நேராகத்தான் இருந்தது. ஆனால் படம் எடுத்த பிறகு கை தட்டுப்பட்டுத் திரும்பியிருந்தால்? பெரிதாக்கிப் பார்த்தேன், நிழல் விழுந்திருந்தது. அது நிழல்தானா? இறங்கி, ரோட்டைக் கடந்து, ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். குமிழ் நேராகத்தான் இருந்தது. அன்றைக்கு அலுவலகத்தில் மாத முடிவுக் கணக்கு. பத்தரைக்குப் போய் நின்று, மகனுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் பலித்துவிடுமோ என்று அடுத்த மூன்று நாள் பயந்தது தனிக் கதை.

அப்போது என் போனில் அடுப்புக் குமிழ்ப் படங்கள் மட்டும் 2,300க்கு மேல் இருந்தன. மகனின் பிறந்தநாள் படத்தைத் தேடுவதென்றால் குமிழ்களுக்கு நடுவே தோண்டி எடுக்க வேண்டும்.

இது காஸ் வெடித்த காலத்தில் வந்த பயம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். 2021 நவம்பர், டிசம்பரில் கொழும்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நாட்டின் பல பக்கங்களிலும் அடுப்பும் சிலிண்டரும் வெடித்ததாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. எங்கள் மாடியில் ஒவ்வொரு வீட்டிலும் சவர்க்கார நுரையைக் குழாயில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். அந்தச் சில கிழமைகள் நாடே என்னைப்போல ஆகிவிட்டது. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி, பார்த்தீர்களா, நான் சொன்னதுதான் சரி என்று. பிறகு மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள், நான் நிறுத்தவில்லை. 2022இல் காஸே கிடைக்காமல் சனம் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றபோது எனக்கு வந்த நிம்மதியை யாரிடமும் சொல்ல முடியவில்லை. கரண்ட் இருந்த நேரம் ரைஸ் குக்கர், இல்லாத நேரம் பாண். அந்த மாதங்கள் நன்றாக நித்திரை கொண்டேன். சிலிண்டர் திரும்ப வந்த அன்றே எல்லாம் திரும்ப வந்தது.

உண்மையில் இது அதற்கு முந்தியது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அரிக்கன் லாம்பை அணைத்தேனா என்று இரவில் இரண்டு மூன்று தரம் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். "கவனமான பிள்ளை" என்று அம்மா அயலட்டையில் பெருமையாகச் சொல்வார். நோயைப் பாராட்டி வளர்ப்பது எங்கள் வீடுகளில் சுலபம். கை கழுவுகிறவளைச் சுத்தக்காரி என்போம், பூட்டை இழுக்கிறவளைப் பொறுப்பானவள் என்போம். பூட்டை நாற்பதாவது தரம் இழுக்கும்போதுதான் "இவளுக்கு விசர், அங்கொடை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேணும்" என்ற பேச்சு வரும். இடையில் ஒரு சொல்லும் கிடையாது. வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வருவதும், அதை அடக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதும் ஒரு நோய், அதற்கு ஓசிடி என்று பெயர் என்பதை நான் கேள்விப்பட்டதே 32 வயதில்தான்.

காஸ் விஷயத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லாமல் வைத்திருந்தது வேறொன்று.

மகனுக்கு மூன்று வயது. ஒரு பின்னேரம் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறேன், அவன் ஓடிவந்து காலைக் கட்டிப்பிடித்தான். கையில் கத்தி. அந்தக் கணம் ஒரு நினைப்பு வந்தது. என்ன நினைப்பு என்று எழுதத் தேவையில்லை, விளங்கும். உடம்பு முழுக்க வேர்த்தது. கத்தியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து கத்திகள் மேல் தட்டில், துவாய்க்குள் சுற்றி. மரக்கறி வெட்டுவது மாமியின் வேலையாகிவிட்டது. "மருமகளுக்குக் கை வலி" என்று அவர் நம்பினார். இரவில் மகன் பக்கத்தில் படுத்தால் என் கைகளைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பேன். முருகா முருகா என்று பதினொரு தரம் சொல்லி அந்த நினைப்பை அழிப்பேன். அது போகாது. அடுத்த பதினொன்று.

முதலில் போனது ஓர் உளவளத்துணையாளரிடம். நல்ல மனுஷி, நல்ல தமிழ். என் கையில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, நினைப்பு வரும்போது இழுத்துவிட்டு "நிறுத்து" என்று சொல்லுங்கள் என்றார். மூச்சுப் பயிற்சி தந்தார். "நீங்கள் நல்ல அம்மா, உங்களால் அப்படிச் செய்ய முடியாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். அங்கிருந்து இறங்கும்போது உடம்பு லேசாக இருக்கும். காலி வீதிக்கு வருவதற்குள், "நான் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேனா? முழுவதும் தெரிந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா?" என்று தொடங்கிவிடும். அவர் தந்த ஆறுதலுக்காகவே அடுத்த கிழமை போவேன். ஒன்பது மாதம் போனேன். மணிக்கட்டில் சிவந்த கோடு ஒன்றுதான் மிச்சம்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஓசிடிக்கு என்று தனியாக ஒரு சிகிச்சை இருக்கிறது, எல்லா வகைக் கவுன்சலிங்கும் அதற்கு மருந்தாகாது என்பது அப்போது எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆறுதல் என்பது வேறு நோய்களுக்கு நல்லது. இந்த நோய்க்கு அதுதான் தீனி.

பிறகு ஒரு மனநல வைத்தியரைச் சனல் பண்ணிப் பார்த்தோம். அவர் பத்து நிமிடத்தில் பெயரைச் சொன்னார், மருந்து எழுதினார், ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். அந்த மிஸ் சிங்களவர். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். என் சிங்களம் பஸ்ஸுக்கும் சந்தைக்கும் காணும், மனதைத் திறக்கக் காணாது. மூன்று பாஷையையும் கலந்து கதைத்தோம். தாய்மொழியில்தான் சிகிச்சை நடக்க வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன், இப்போதும் அதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். ஆனாலும் என் அனுபவத்தில் அழகான தமிழில் கிடைத்த பிழையான முறையைவிட உடைந்த தமிழில் கிடைத்த சரியான முறைதான் என்னைக் குசினியை விட்டு வெளியே கொண்டுவந்தது. கொழும்பில் இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். தமிழில் கதைக்கக்கூடிய, இந்தச் சிகிச்சையும் தெரிந்த உளவியலாளரைத் தேடி நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதல் நாள் யேல்-பிரவுன் என்ற ஒரு கேள்விப் பட்டியலை வைத்துப் புள்ளி போட்டார். மொத்தம் 40. எனக்கு 27. 24இல் இருந்து மேலே போனால் கடுமையானது என்று கணக்காம். சோதனையில் எடுத்த புள்ளிகளிலேயே நான் அம்மாவுக்குக் காட்டாத ஒரே புள்ளி அது.

கத்தி விஷயத்தைச் சொல்ல எனக்கு மூன்றாவது அமர்வு ஆனது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பொலிஸைக் கூப்பிடுவார், பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்றுதான் எண்ணம். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக்கூட நிறுத்தவில்லை. "ஓ, இது நிறையப் பேருக்கு இருக்கு" என்றார். பிறகுதான் பத்மல் டி சில்வாவைப் பற்றிச் சொன்னார். இலங்கையில் பிறந்து லண்டனில் வேலை செய்த உளவியலாளர். 1978இல் அவரும் ஸ்டான்லி ராக்மனும் சேர்ந்து, எந்த நோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம் இப்படி வேண்டாத நினைப்புகள் வருவதுண்டா என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பத்துப் பேரில் சுமார் எட்டுப் பேர் ஓம் என்றார்களாம். கூரிய சாமானைக் கண்டால் வரும் நினைப்பு, உயரத்தில் நின்றால் குதித்துவிடுவேனோ என்ற நினைப்பு, கோயிலில் கெட்ட வார்த்தை என்று எல்லாம் எல்லோருக்கும் வரும். அவர்கள் "ச்சீ" என்றுவிட்டு மரக்கறி வெட்டுவார்கள். நான் கத்தியைத் துவாயில் சுற்றினேன். வித்தியாசம் நினைப்பில் இல்லை, அதற்குப் பிறகு நான் செய்ததில் இருந்தது. "எங்கட நாட்டு ஆள் கண்டுபிடிச்சது" என்று மிஸ் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது, எதற்கென்று தெரியாமல்.

சிகிச்சையின் பெயர் இ.ஆர்.பி. தமிழில் நான் விளங்கிக்கொண்டது: பயத்துக்கு முகம் கொடு, ஆனால் வழக்கமாகச் செய்கிறதைச் செய்யாதே. இரண்டாவது பாதிதான் முக்கியம். பயத்துக்கு முகம் கொடுப்பதை நான் தினமும்தானே செய்துகொண்டிருந்தேன், அடுப்புக்கு முன்னால் நின்று. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் எந்தச் சிகிச்சைக்கும் மசியாத இரண்டு நோயாளிகளிடம் இந்த வழியை முயன்று பார்த்து எழுதினார். அதற்கு முன் இந்த நோய் தீராது என்றே பலர் கைவிட்டிருந்தார்களாம்.

செய்முறை மிகவும் சலிப்பானது. பயப்படுகிற விஷயங்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஒரு எண் போட வேண்டும். படம் எடுக்காமல் வீட்டை விட்டு இறங்குவது 45. ஒரே ஒரு தரம் மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்குவது 70. கடைசி ஆளாக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவது 95. மகன் பக்கத்தில் நிற்க மரக்கறி வெட்டுவது 100. நான் 110 என்று எழுதியிருந்தேன், அவர் சிரித்துவிட்டு வெட்டினார். நடுவில் இருந்து தொடங்கினோம். மிகச் சுலபமானதில் தொடங்கினால் பயிற்சி ஆகாது, உச்சியில் தொடங்கினால் ஓடிவிடுவேன்.

முதல் பாடம் போனில் இருந்த 2,300 படங்களையும் அழிப்பது. அவர் முன்னால் இருந்தே அழித்தேன். விரல் நடுங்கியது. "அழித்தவற்றில் முக்கியமான ஒன்று இருந்திருக்குமோ?" என்றேன். "வென்ன புளுவன்" என்றார்.

அந்தச் சிங்களச் சொல்தான் என் சிகிச்சை முழுக்க. இருக்கலாம், நடக்கலாம் என்று அர்த்தம். காஸ் கசிந்திருக்குமா? வென்ன புளுவன். நான் கெட்ட அம்மாவா? வென்ன புளுவன். அதற்கு மேல் வழக்காடக் கூடாது. தமிழில் "இருக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. எனக்குள்ளே ஒரு அப்புக்காத்து இருக்கிறார், தமிழ்ச் சொல் காதில் விழுந்ததும் எழும்பி "இருக்கலாம் என்றால், இல்லாமலும் இருக்கலாம், ஏனென்றால்..." என்று வாதாடத் தொடங்குவார். சிங்களத்தில் சொன்னால் அவருக்கு அவ்வளவு பாஷை போதாது, இருந்துவிடுவார்.

திரும்பிப் பார்க்காமல் இறங்கிய முதல் நாளை எழுத வேண்டும். மிஸ் வீடியோ கோலில். போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ரெகுலேட்டரை ஒரு தரம் மூடினேன். வாயால் ஒன்றும் சொல்லக் கூடாது. கதவைப் பூட்டினேன், பிடியை இழுக்கவில்லை. லிஃப்ட்டுக்குள் போனதும் வயிறு கலங்கியது, எண் 80. கீழே காவற்காரர் "என்ன மிஸ், சுகமில்லையா?" என்று கேட்டார். கடற்கரைப் பக்கம் நடந்து ரயில் பாதையோரம் ஒரு கல்லில் இருந்தேன். பத்து நிமிடம் 85. ஒரு ரயில் போனது. இருபது நிமிடம் 85. எங்கள் கட்டிடத்தின் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்க்கத் தலை திரும்பியது. "அதுவும் செக் பண்ணுறதுதான்" என்றார் மிஸ். கழுத்தைப் பிடித்துத் திருப்பி வைத்துக்கொண்டேன். நாற்பதாவது நிமிடமளவில் பார்த்தால் எனக்குப் பசிக்கிறது. எண் 50. காஸ் கசியவில்லை என்று எந்த நிச்சயமும் வரவில்லை. நிச்சயம் இல்லாமலேயே பசித்தது. பக்கத்தில் விற்ற இஸ்ஸு வடை இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்போதுதான் கடலைப் பார்த்தேன்.

சில நாட்களில் எண் இறங்கவே இறங்காது. 80இல் ஏறி 80இலேயே வீட்டுக்கு வருவேன். அதைத் தோல்வி என்று நினைத்து அழுதிருக்கிறேன். இறங்குவது முக்கியமில்லை, அந்தப் பயத்தோடு செய்ய வேண்டியதைச் செய்தாயா என்பதுதான் கணக்கு என்று விளங்க நாள் பிடித்தது.

இன்னொரு விஷயம் எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. நான் நினைவாற்றல் குறைந்தவள், அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹௌட், மெரல் கின்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஓசிடி இல்லாதவர்களைக் கொம்பியூட்டர் திரையில் ஒரு காஸ் அடுப்பைத் திரும்பத் திரும்ப மூடிச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆம், காஸ் அடுப்புத்தான், எனக்கென்றே செய்தது போல. கடைசியில் எது மூடியிருந்தது என்ற நினைவு சரியாகவே இருந்தது. ஆனால் அந்த நினைவில் அவர்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது, காட்சி மங்கிப்போனது. நினைவு பிழைத்ததால் நான் பார்க்கவில்லை, பார்த்துப் பார்த்துத்தான் நினைவை நம்ப முடியாமல் போயிருக்கிறது. ஒரு சொல்லை ஐம்பது தரம் எழுதினால் எழுத்துப் பிழை போலத் தெரியுமே, அப்படி.

ஆறாவது அமர்வுக்கு என்னவரையும் கூட்டிவரச் சொன்னார். அவர் இந்த நோயின் இலவச ஊழியராக இருந்தார், பாவம். நான் அலுவலகத்தில் இருந்து எடுத்து "இஞ்சருங்கோ, காஸ் ஓஃப்தானே?" என்று கேட்பேன். "ஓம், ஓஃப்" என்பார். "பாத்திட்டா சொல்லுறீங்க?" "பாத்திட்டுத்தான்." ஒரு நாளைக்கு ஆறு ஏழு தரம். அன்பில் செய்ததுதான். மிஸ் அவரிடம் இனிப் பதில் சொல்லக் கூடாது என்றார். கோபிக்கவும் கூடாது, விளக்கவும் கூடாது. என்ன சொல்வது என்று அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். அன்று இரவு நான் "கதவு பூட்டினீங்களா?" என்று கேட்டபோது, "அதுக்கு என்னட்டப் பதில் இல்ல. தேத்தண்ணி ஊத்தவா, குடிக்கிறீரா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமி இடையில் புகுந்து "அந்தப் பிள்ளைக்கு ஓம் எண்டு ஒரு சொல் சொன்னால் என்ன குறைஞ்சுபோவாய்?" என்று தன் மகனை ஏசினார். இரண்டு கிழமை வீடு போர்க்களம். குடும்பத்தில் ஒருவர் பதிலை நிறுத்தி மற்றவர் கொடுத்தால் நான் மற்றவரிடம் போவேன். அதனால் மாமிக்கும் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அவருக்கு ஓசிடி என்ற சொல் வாயில் வராது, "அந்தக் கேள்விப் பேய்" என்றுதான் சொல்வார். "பேய் கேக்குது, நான் சொல்லமாட்டன்" என்பார். மூன்று பேரில் அவர்தான் கடைசிவரை உறுதியாக நின்றவர்.

பிரார்த்தனையைப் பற்றி எனக்கு மிஸ்ஸோடு வாக்குவாதம். முருகா சொல்வதை நிறுத்து என்றால் நான் வரமாட்டேன் என்றேன். நிறுத்தச் சொல்லவில்லை, பதினொன்று எண்ணுவதை மட்டும் விடுங்கள் என்றார். கும்பிடும் நேரம் கும்பிடுங்கள், கத்தியைக் கண்டதும் நினைப்பை அழிக்கக் கும்பிடாதீர்கள். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் போய் நின்று, எண்ணாமல், ஒன்றும் கேட்காமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் உண்மையில் கும்பிட்டேன் என்று தோன்றியது. வெளியில் தெரியும் கை கழுவலையும் பூட்டு இழுப்பையும் கண்டுபிடிப்பது சுலபம். மனதுக்குள் எண்ணுவதும் அழிப்பதும் நியாயம் கற்பிப்பதும்கூட அதே வேலைதான். அதை வெளியே எடுக்கத்தான் பாதி அமர்வுகள் போயின.

கத்திக்கு வருவோம். முதலில் துவாயை அவிழ்த்து மேசையில் வைத்தேன். பிறகு மகன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் வெட்டினேன். பிறகு அவன் அடுத்த அறையில். கடைசியில் ஒரு சனிக்கிழமை அவனை ஸ்டூலில் இருத்தி வெண்டிக்காய் வெட்டினேன். அதே வெண்டிக்காய். நினைப்பு வந்தது, முன்பைவிடப் பெரிதாக வந்தது. கை வழுவழுத்தது. வென்ன புளுவன். அடுத்த காய். "அம்மா, ஏன் இவ்வளவு மெதுவா வெட்டுறீங்க?" என்றான். ஒரு வட்டத்தை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று வைத்த குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை. எனக்குத் தந்தது செர்ட்ரலின். முதல் இரண்டு கிழமை வயிற்றுக் குமட்டல், பிறகு இல்லை. ஓசிடிக்கு இந்த வகை மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய 8 முதல் 12 கிழமை பிடிக்கும், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவும் பெரும்பாலும் கூட வேண்டியிருக்கும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்தேன். சொல்லாவிட்டால் மூன்றாம் கிழமையே விட்டிருப்பேன். பயிற்சி செய்யும் துணிவை அது தந்தது, ஆனால் பயிற்சியை எனக்காக அது செய்யவில்லை. நிறுத்துவதாக இருந்தால் வைத்தியரோடு கதைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஒரு முறை நானாக நிறுத்திப் பட்டேன்.

உளவியலாளரைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது, வெட்கப்படாமல் முதலிலேயே கேளுங்கள்: ஓசிடிக்கு இ.ஆர்.பி. செய்வீர்களா, வீட்டுப்பாடம் தருவீர்களா, நான் பயப்படும் இடத்துக்கு வீடியோவிலாவது கூட வருவீர்களா என்று. "எல்லாம் கதைத்துச் சரிப்பண்ணலாம்" என்று மட்டும் பதில் வந்தால் யோசியுங்கள். எனக்கு மொத்தம் 16 அமர்வுகள், காசு சுலபமாக இருக்கவில்லை. தாலிக்கொடியைத் தவிர்ந்த நகையில் ஒன்று அடகுக்குப் போய் வந்தது. காசில்லாவிட்டால் அரச வைத்தியசாலை மனநலக் கிளினிக்குகள் இலவசம். நேரம் போகும், ஆனாலும் போங்கள். அங்கொடை என்று நாங்கள் ஏச்சாகப் பாவிக்கிற இடத்தின் பெயர் தேசிய மனநல நிறுவகம். 1926 என்ற தொலைபேசி இலக்கம் அவர்களுடையதுதான். ஒரு முறை இரவில் எடுத்திருக்கிறேன். என்னை விசரி மாதிரி யாரும் நடத்தவில்லை.

முடிவில் யேல்-பிரவுன் புள்ளி 12. பூச்சியம் இல்லை. போன வருடம் மாமி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பத்து நாளைக்குள் பூட்டை இழுப்பது எட்டுத் தரம் வரை ஏறியது. பழைய கொப்பியை எடுத்து மறுபடி எண் போட்டு, இரண்டு கிழமையில் இறக்கினேன்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போனோம். இரவு பஸ் வெள்ளவத்தையில் இருந்து. கடைசி ஆளாக வீட்டைப் பூட்டியது நான், பட்டியலில் 95 போட்டிருந்தேனே, அது. ரெகுலேட்டரை ஒரு தரம் மூடினேன், இறங்கினேன். பஸ்ஸில் ஏறி, மகனுக்குப் போர்வை போர்த்தி, கண்ணை மூடினேன். வத்தளை தாண்டியிருக்கும், என்னவர் மெதுவாகத் தட்டினார்.

"காஸ் ஓஃப் பண்ணினீரா?"

அவருக்கு அது சும்மா கேள்வி. எனக்கு வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, "வென்ன புளுவன்" என்றேன்.

புத்தளம் தாண்டும் வரை அவருக்கு நித்திரை வரவில்லை. நான் நித்திரை கொண்டுவிட்டேன்.